கெடு வைத்த நாள்: ஜனவரி 26-இன் வரலாறு



ஆண்டின் ஏதேனும் ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அந்த நாளின் வரலாற்றைச் சொல்லுங்கள் என்று இந்த அறக்கட்டளையினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் ஜனவரி 26ஐ எடுத்துக்கொண்டேன். எல்லாரும் அறிந்த நாள் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன். கொடி, அணிவகுப்பு, மிட்டாய், விடுமுறை என்று பழகிப்போன நாட்களைத்தான் நாம் ஆராயாமல் விட்டுவிடுகிறோம்.

தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். ஒரே தேதியில் பல நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தற்செயல். 2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்குக் குஜராத்தின் கட்ச் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பூஜ், பச்சாவ், அஞ்சார் ஆகிய ஊர்கள் நொறுங்கின. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அஞ்சாரில் குடியரசு நாள் ஊர்வலமாகச் சென்றுகொண்டிருந்த பள்ளிக் குழந்தைகள் மீது தெருவின் இருபுறக் கட்டடங்களும் சரிந்தன. கையில் கொடியோடு மாண்ட அந்தக் குழந்தைகளை நினைக்கும்போது இன்றும் மனம் தாங்குவதில்லை. ஆனாலும் நிலத்தட்டுகளுக்கு நாள்காட்டி தெரியாது. அந்தத் துயரம் 26ஆம் நாளில் விழுந்ததற்கு வரலாற்றுக் காரணம் எதுவும் இல்லை.

1930, 1950, 1965 ஆகிய மூன்று ஆண்டுகளின் ஜனவரி 26 அப்படிப்பட்டதன்று. முதலாவது இரண்டாவதைக் கொண்டுவந்தது. இரண்டாவது மூன்றாவதைக் கொண்டுவந்தது. மூன்றையும் இணைக்கும் சரடு ஒன்றுதான்: கெடு. ஒரு கெடு மதிக்கப்படாமல் போனதால் இந்த நாள் பிறந்தது. பிறந்த பின், நாட்டுக்கே சில கெடுக்களை விதித்தது. அவற்றுள் ஒன்று முடிவுக்கு வந்தபோது நம் தமிழ்நாட்டு மண்ணில் ரத்தம் சிந்தியது. எனவே ஜனவரி 26 கொண்டாடுவதற்கு மட்டுமான நாள் ஆகாது, கணக்குப் பார்க்க வேண்டிய நாளும் அதுவே என்பதுதான் இன்று உங்கள் முன் நான் வைக்க விரும்பும் கருத்து.

1. ஓராண்டுக் கெடு

முழு விடுதலை வேண்டும் என்ற குரல் காங்கிரசுக்குள் திடீரென எழுந்ததில்லை. 1921இல் அகமதாபாத் மாநாட்டில் மௌலானா ஹஸ்ரத் மோகானி அதைக் கேட்டார். காந்தியடிகள் அப்போது ஏற்கவில்லை. 1927 டிசம்பரில் நம் சென்னையில், டாக்டர் அன்சாரி தலைமையில் கூடிய காங்கிரஸ், முழு விடுதலையே இந்திய மக்களின் இலக்கு என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதைக் கொண்டுவந்தவர் ஜவாஹர்லால் நேரு. ஆனால் அது செயல் திட்டம் எதுவும் இல்லாத தீர்மானமாகவே நின்றது.

அடுத்த ஆண்டு கல்கத்தாவில் கருத்து மோதல் வெளிப்பட்டது. மோதிலால் நேரு தலைமையில் உருவான அறிக்கை, பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளேயே குடியேற்ற நாட்டுத் தகுதியைக் கேட்டது. அவருடைய மகன் ஜவாஹர்லாலும் சுபாஷ் சந்திர போசும் முழு விடுதலைக்குக் குறைந்த எதையும் ஏற்கத் தயாராக இல்லை. காந்தியடிகள் நடுவழி கண்டார்: அரசுக்கு ஓராண்டு கெடு வைப்போம், 1929 டிசம்பர் 31 நள்ளிரவுக்குள் அந்தத் தகுதி வராவிட்டால் முழு விடுதலையே இலக்கு, அதற்கான போராட்டமும் தொடங்கும். தந்தைக்கும் மகனுக்கும் இடையில், மூத்த தலைமுறைக்கும் இளைய தலைமுறைக்கும் இடையில் நின்ற வழக்கை ஒரு கெடு தற்காலிகமாகத் தீர்த்துவைத்தது.

கெடு முடிந்தது. வைஸ்ராய் இர்வின் பிரபு அக்டோபரில் ஒரு பொது வாக்குறுதி தந்தாரே தவிர, எப்போது என்று சொல்லவில்லை. 1929 டிசம்பர் 31 நள்ளிரவில், லாகூரில் ராவி நதிக்கரையில், கடுங்குளிரில், நாற்பது வயது ஜவாஹர்லால் காங்கிரஸ் தலைவராக நின்று மூவண்ணக் கொடியை ஏற்றினார். இரண்டு நாள் கழித்து, 1930 ஜனவரி 2ஆம் நாள், காங்கிரஸ் செயற்குழு கூடி நாடெங்கும் மக்கள் விடுதலை உறுதிமொழி ஏற்க ஒரு நாளைக் குறித்தது. அதுதான் ஜனவரி 26. அந்த மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. எந்தப் பெரும் போரும் நடந்த நாளன்று, எந்தத் தலைவரும் பிறந்த நாளன்று. மக்கள் கூடுவதற்குத் தோதான ஒரு ஞாயிறு, அவ்வளவே. பின்னால் வந்த பெருமை அனைத்தும் அந்நாளில் மக்கள் செய்த செயலால் வந்தது.

அன்று சொற்பொழிவுகள் கூடாது என்பது ஏற்பாடு. வட்டார மொழிகளில் பெயர்க்கப்பட்ட உறுதிமொழியைப் படித்து, கையுயர்த்தி ஏற்றுக் கலைய வேண்டும். எஞ்சிய பொழுதை நூல் நூற்பது, தீண்டாமை ஒழிப்பு, மத ஒற்றுமை, மதுவிலக்கு போன்ற பணிகளில் செலவிட வேண்டும் என்று காந்தியடிகள் விரும்பினார். நகரங்களிலும் சிற்றூர்களிலும் கூடிய கூட்டத்தைக் கண்ட பிறகுதான் நாடு போராட்டத்துக்கு ஆயத்தமாக இருக்கிறது என்ற துணிவு தலைவர்களுக்கு வந்தது. ஆறு வாரங்களில் தண்டி யாத்திரை தொடங்கியது. ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் புறப்பட்டார்கள். இந்த ராஜாஜியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய உரையில் அவர் இன்னும் இரண்டு இடங்களில் வருவார்.

2. அடியும் கொடியும்

1930 முதல் 1947 வரை ஜனவரி 26தான் நமக்கு விடுதலை நாள். ஆண்டுதோறும் உறுதிமொழி புதுப்பிக்கப்பட்டது. பல ஆண்டுகளில் அதற்குக் கிடைத்த பரிசு தடியடியும் சிறையும்தான். 1931 ஜனவரி 26 அன்று எரவாடா சிறையிலிருந்து காந்தியடிகள் விடுவிக்கப்பட்டார். அதே நாளில் கல்கத்தாவில் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கிச் சென்ற அந்நகர மேயர் சுபாஷ் சந்திர போஸ் தடியடிபட்டுக் கைதானார்.

1932இல் சென்னையிலும் ஒரு செயல் நடந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிமரத்தில் பிரிட்டிஷ் கொடி பறந்துகொண்டிருந்தது. ஆர்யா என்று பின்னர் அறியப்பட்ட பாஷ்யம் என்ற இளைஞர், ஜனவரி 26க்கு முந்திய இரவின் இருளில் அந்தக் கொடிமரத்தில் ஏறினார். விடிந்தபோது கோட்டைக்கு மேல் மூவண்ணக் கொடி பறந்தது. வேறு எந்த நாளிலும் இதை அவர் செய்திருக்கலாம். 26ஆம் நாளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அந்த நாள் அதற்குள் மக்களின் உடைமையாகிவிட்டது. அரசின் அச்சகம் வெளியிட்ட நாள்காட்டியில் அதற்குச் சிவப்பு எழுத்து கிடையாது. மக்கள் மனத்தில் இருந்தது.

ஆனால் விடுதலை வந்தபோது அந்த நாளில் வரவில்லை. 1947 ஆகஸ்ட் 15ஐக் குறித்தவர் மவுண்ட்பேட்டன் பிரபு. 1945இல் ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு அது; தென்கிழக்காசியப் படைகளின் தலைவராக அவருக்கு அது பெருமைக்குரிய நாள். அந்த நாளைக் குறித்து நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரும் கருத்து வேறுபாடு எழுந்தது. தந்தை பெரியார் ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்றார். அண்ணா அதை ஏற்காமல் இன்ப நாள் என்று எழுதினார். ஒரே இயக்கத்தின் இரு பெரும் தலைவர்கள் ஒரு தேதியின் பொருள் குறித்து வெளிப்படையாக மாறுபட்டார்கள். ஒரு நாளைக் கொண்டாடுவதா, துக்கம் காப்பதா என்பது நம் அரசியலில் நெடுங்காலமாகவே விவாதத்துக்குரிய கேள்வியாக இருந்திருக்கிறது. அது அரசியல் முதிர்ச்சியின் அடையாளம் என்றே நான் கருதுகிறேன்.

3. இரண்டு மாதக் காத்திருப்பு

அரசமைப்பு அவை தன் பணியை முடித்து, 395 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் கொண்ட அரசமைப்பை 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொண்டது. முகவுரையில் இன்றும் அந்தத் தேதிதான் இருக்கிறது. மறுநாளே அதை முழுமையாக நடைமுறைப்படுத்தியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ராவிக் கரையில் பிறந்த நாளை இழக்க அந்தத் தலைமுறைக்கு மனம் வரவில்லை.

இதற்காகவே அரசமைப்பில் ஒரு பிரிவு உண்டு. மூல அரசமைப்பில் கடைசிக்கு முந்திய பிரிவான 394ஆம் பிரிவு. குடியுரிமை, தேர்தல் ஆணையம், குடியரசுத் தலைவரின் உறுதிமொழி போன்ற சில பிரிவுகள் மட்டும் உடனே நடைமுறைக்கு வரும் என்றும், மற்றவை 1950 ஜனவரி 26 அன்று வரும் என்றும் அது சொல்கிறது. அந்த நாளே இந்த அரசமைப்பின் தொடக்கம் என்று குறிக்கப்படும் என்றும் சொல்கிறது. மாணவர்கள் இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். ‘தொடக்கத்திலிருந்து இத்தனை ஆண்டுகளுக்குள்’ என்று அரசமைப்பில் எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் காலம் எண்ணப்படுவது இந்த நாளிலிருந்துதான்.

1950 ஜனவரி 24 அன்று உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள். 25 அன்று தேர்தல் ஆணையம் அமைந்தது. 26 காலையில், தில்லியில் அரசு மாளிகையின் தர்பார் மண்டபத்தில், இந்தியா குடியரசாகிவிட்டது என்ற அறிவிப்பை, பதவி விலகும் கவர்னர் ஜெனரல் படித்தார். அவர்தான் ராஜாஜி. இருபது ஆண்டுகளுக்கு முன் வேதாரண்யத்தில் உப்பெடுத்துச் சிறை சென்றவர், பிரிட்டிஷ் மன்னரின் கடைசிப் பேராளராக இருந்து அந்தப் பதவியையே முடித்துவைத்தார். ராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவராக உறுதிமொழி ஏற்றார். இந்தோனேசியக் குடியரசுத் தலைவர் சுகர்ணோ விருந்தினராக வந்திருந்தார். இர்வின் அரங்கத்தில் முதல் அணிவகுப்பு நடந்தது. கெடுவை மதிக்காத இர்வினின் பெயரைத் தாங்கிய அரங்கத்திலேயே, அந்தக் கெடுவால் பிறந்த நாள் குடியரசு நாளாக முடிசூடியது.

அன்று நடந்த மாற்றத்தின் உண்மையான அளவு அணிவகுப்பில் இல்லை. அன்று காலை முதல் ஒரு குடிமகன் அரசை நீதிமன்றத்தில் நிறுத்தி, நீ என் அடிப்படை உரிமையை மீறினாய் என்று கேட்க முடிந்தது. அந்த உரிமையை முதலில் பயன்படுத்திய வழக்குகள் பலவற்றில் எதிர்வாதி யார் தெரியுமா? சென்னை மாநில அரசு. தடுப்புக் காவலில் இருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் தனிமனிதச் சுதந்திரத்தைக் குறித்து வழக்குத் தொடுத்தார். ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரத் தடை விதிக்கப்பட்டதை எதிர்த்து அதன் ஆசிரியர் ரோமேஷ் தாப்பர் வழக்குத் தொடுத்தார். இரண்டுக்கும் 1950 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோபாலன் தோற்றார், தாப்பர் வென்றார். கல்லூரிச் சேர்க்கையில் வகுப்புவாரி அரசாணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் வந்த தீர்ப்பு அந்த ஆணையைச் செல்லாததாக்கியது. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் அழுத்தத்தால் அதே ஆண்டு முதல் அரசமைப்புத் திருத்தம் வந்தது. பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் அளிக்கும் 15(4) உட்பிரிவு அதில் பிறந்தது. இந்தியக் குடியரசு தன் உரிமைகளின் எல்லையை அளந்து பார்த்த முதல் களங்களில் ஒன்று நம் மாநிலம்.

4. மூன்று கெடுக்கள்

1950 ஜனவரி 26 மூன்று பெரிய கெடுக்களைத் தொடங்கிவைத்தது.

முதலாவது, பள்ளிக்கூடம். பத்தாண்டுகளுக்குள், பதினான்கு வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது 45ஆம் பிரிவு. அரசின் வழிகாட்டு நெறிகளில் ஆண்டுக் கணக்கு சொல்லிக் கெடு விதித்தது இந்த ஒரு பிரிவு மட்டுமே. 1960 ஜனவரி 26 அன்று அந்தக் கெடு முடிந்தது. 1951 கணக்கெடுப்பில் நாட்டில் எழுத்தறிந்தவர்கள் 100க்கு 18 பேர். 1961இல் 28 பேர். அதே பத்தாண்டில் தமிழ்நாட்டில் காமராஜர் சிற்றூர்தோறும் பள்ளிகளைத் திறந்தார், பகலுணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். மனம் வைத்தால் கெடுவை நெருங்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் நாடு முழுவதற்குமான உரிமையாகக் கல்வி மாற 2002இன் அரசமைப்புத் திருத்தமும் 2009இன் சட்டமும் தேவைப்பட்டன. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. கெடு முடிந்து ஐம்பது ஆண்டுகள் கடந்த பிறகு. அந்த ஐம்பது ஆண்டுகளில் பள்ளியின் படியேறாமல் வளர்ந்த தலைமுறைகளுக்கு எந்த அணிவகுப்பாலும் ஈடுசெய்ய முடியாது.

இரண்டாவது, சட்டமன்றத்திலும் நாடாளுமன்ற மக்களவையிலும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்ட தொகுதிகள். 334ஆம் பிரிவு இதற்குப் பத்தாண்டு எல்லை வைத்தது. கல்வி, வேலைவாய்ப்பு இட ஒதுக்கீட்டுக்குத்தான் அரசமைப்பு பத்தாண்டு கெடு வைத்தது என்று பலர் மேடைகளில் பேசுகிறார்கள். அது பிழை. அந்தக் கெடு தொகுதிகளுக்கு மட்டுமே உரியது. 1960 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் அதை நீட்டித்து வந்திருக்கிறது. இப்போதைய எல்லை 2030 ஜனவரி 25. இந்த நீட்டிப்புகளைச் சலுகை என்று நான் பார்க்கவில்லை. தீண்டாமையை ஒழித்துவிட்டோம் என்று 17ஆம் பிரிவில் எழுதியவர்கள் நாம். ஒவ்வொரு நீட்டிப்பும் அந்த வேலை இன்னும் முடியவில்லை என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்ட சான்றாவணம்.

மூன்றாவது கெடு, மொழி.

5. பதினைந்து ஆண்டுகள் முடிந்த காலை

1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை அரசமைப்பு அவையில் மொழி விவாதம் அனல் பறக்க நடந்தது. கே.எம். முன்ஷியும், தஞ்சை மண்ணில் பிறந்த என். கோபாலசாமி அய்யங்காரும் வகுத்த உடன்பாடு இறுதியில் ஏற்கப்பட்டது. தேவநாகரி எழுத்தில் இந்தி ஒன்றியத்தின் அலுவல் மொழி. தொடக்கத்திலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் முன்போலவே தொடரும். அதற்குப் பின்னும் தேவையானால் நாடாளுமன்றம் சட்டத்தால் ஆங்கிலத்தைத் தொடரச் செய்யலாம். இது 343ஆம் பிரிவு. இந்தி பேசாத மக்களின் அச்சத்தை டி.ஏ. இராமலிங்கம் செட்டியார் போன்ற தமிழக உறுப்பினர்கள் அந்த அவையிலேயே எடுத்துச் சொன்னார்கள்.

தொடக்கம் எந்த நாள்? 1950 ஜனவரி 26. பதினைந்து ஆண்டு எந்த நாளில் முடியும்? 1965 ஜனவரி 26. நவம்பர் 26 அன்றே அரசமைப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்தால் மொழிக் கெடு வேறொரு நாளில் முடிந்திருக்கும். விடுதலைப் போராட்டத்தைப் பெருமைப்படுத்த அன்போடு தேர்ந்தெடுத்த நாளே, குடியரசின் கொண்டாட்டத்தையும் ஒரு மாநிலத்தின் அச்சத்தையும் ஒரே காலையில் கொண்டுவந்து சேர்த்தது.

அந்த அச்சத்துக்கு முன்வரலாறு உண்டு. 1937இல் முதலமைச்சரான ராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்துச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939இல் காவலில் இருந்தபோதே உயிர் நீத்தார்கள். குடியரசான பின், அலுவல் மொழி ஆணையத்தின் அறிக்கையை நம் பி. சுப்பராயனும் வங்க அறிஞர் சுநீதி குமார் சாட்டர்ஜியும் ஏற்காமல் மறுப்புரை எழுதினார்கள். இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் துணை மொழியாக நீடிக்கும் என்று 1959இல் நேரு மக்களவையில் உறுதி தந்தார். ஆனால் 1963இன் அலுவல் மொழிச் சட்டம் ஆங்கிலம் தொடரலாம் என்று சொன்னதே தவிர, தொடரும் என்று சொல்லவில்லை. மாநிலங்களவையில் அண்ணா இந்த ஓட்டையைத்தான் சுட்டிக்காட்டி வாதாடினார். 1964 மே மாதம் நேரு மறைந்தார். வாக்குறுதி தந்தவர் போனபின், அது சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று மக்கள் கேட்டார்கள். ஒரு காலத்தில் இந்தியைக் கட்டாயமாக்கிய ராஜாஜியும் இப்போது எதிர்ப்பின் பக்கம் நின்றார்.

1965 ஜனவரி 26ஐத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கத் திராவிட முன்னேற்றக் கழகம் முடிவு செய்தது. குடியரசு நாளின் புனிதத்தைக் குலைக்க விடமாட்டோம் என்றார் முதலமைச்சர் பக்தவத்சலம். 25 அன்றே மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மதுரையில் மோதல் வெடித்தது. அண்ணாவும் ஏராளமான தொண்டர்களும் கைதானார்கள். சென்னையில் மாணவர்களின் பெருந்திரள் கோட்டையை நோக்கி நடந்தது. பாஷ்யம் கொடியேற்றிய அதே கோட்டை. முதலமைச்சரிடம் தங்கள் குறையைச் சொல்ல வந்த அவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், 1964 ஜனவரி 25 அன்று, திருச்சி ரயில் நிலையத்தின் முன் கீழப்பழுவூர் சின்னசாமி மொழிக்காகத் தீக்குளித்து இறந்திருந்தார். 1965 ஜனவரி 26 அன்று கோடம்பாக்கம் சிவலிங்கமும், மறுநாள் விருகம்பாக்கம் அரங்கநாதனும் அவ்வழியே சென்றார்கள். 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். பிப்ரவரி நடுப்பகுதிவரை கொந்தளிப்பு நீடித்தது. பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது. காவலர்களும் உயிரிழந்தார்கள். அவர்களும் இந்த மண்ணின் பிள்ளைகளே. அரசியல் கோரிக்கைக்காக ஓர் இளைஞன் தன் உடலைத் தீக்குக் கொடுக்கும் நிலை எந்தக் குடியரசிலும் வரக் கூடாது. அவர்களின் ஈகத்தை வணங்குகிறேன். அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளியது காதுகொடுத்துக் கேட்காத அரசின் போக்கு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிப்ரவரி 11 அன்று ஒன்றிய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அன்றிரவே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் வாக்குறுதிகள் காக்கப்படும் என்றார். 1967 தேர்தலில் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியது. அந்த ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் அலுவல் மொழிச் சட்டத்தைத் திருத்தியது. இந்தியை அலுவல் மொழியாக ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றும் வரை ஆங்கிலம் தொடரும் என்பது சட்டமாயிற்று. 1968 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. 1976இல் வந்த அலுவல் மொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்றே தொடங்குகின்றன. குடியரசு தாமதமாகவேனும் கேட்டது. அரசமைப்பு தந்த வழிகளாலேயே, அதாவது தேர்தலாலும் சட்டத் திருத்தத்தாலும், அந்தக் கெடு தீர்க்கப்பட்டது. அப்படிப் பார்த்தால் 1965இன் துக்கமும் 1950இன் கொண்டாட்டத்தின் மீது மக்கள் வைத்த நம்பிக்கையின் இன்னொரு முகமே.

6. சிட்னியில் ஒரு துக்க நாள்

தேசிய நாளைத் துக்க நாளாகக் கொள்வது நாட்டுக்கு எதிரானது என்று கருதுவோர் உண்டு. அவர்கள் ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டும். நாள் ஒத்துப்போவது தற்செயல்தான், ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். 1788 ஜனவரி 26 அன்று ஆர்தர் பிலிப் தலைமையில் வந்த 11 கப்பல்களின் அணி சிட்னி விரிகுடாவில் பிரிட்டிஷ் கொடியை நாட்டியது. அந்த நாளை ஆஸ்திரேலிய நாள் என்று அரசு கொண்டாடுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக அந்நிலத்தில் வாழ்ந்துவந்த தொல்குடி மக்களுக்கோ அது நிலம் பறிபோன நாள்.

1938இல் 150ஆம் ஆண்டு விழா சிட்னி தெருக்களில் ஊர்வலமாகச் சென்றது. அது கடந்துபோன பின், எலிசபெத் தெருவில் உள்ள ஆஸ்திரேலியன் ஹால் என்ற மண்டபத்தில் தொல்குடித் தலைவர்கள் ஜாக் பேட்டன், வில்லியம் ஃபெர்குசன், வில்லியம் கூப்பர் முதலானோர் ஏறத்தாழ நூறு பேரோடு கூடி அன்றைய நாளைத் துக்க நாள் என்று அறிவித்தார்கள். நாங்களும் இந்நாட்டின் முழுக் குடிமக்கள், எங்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். அவர்கள் பிரிந்துபோகக் கேட்கவில்லை, சேர்த்துக்கொள்ளக் கேட்டார்கள். 1972இல் அதே ஜனவரி 26 அன்று, நில உரிமை மறுக்கப்பட்டதை எதிர்த்து, கான்பெராவின் நாடாளுமன்றத்துக்கு எதிரே ஒரு குடையை நட்டுத் தூதரகம் என்று பெயர் வைத்தார்கள். இன்றும் ஆஸ்திரேலியாவில் அந்த நாள் கொண்டாட்டமும் போராட்டமும் சேர்ந்தே நடக்கும் நாள்.

துக்கம் அறிவிப்பவர்கள் அந்த நாளை வெறுப்பவர்கள் அல்லர். அந்த நாள் தந்த வாக்குறுதியை மற்றவர்களைவிடக் கூடுதலாக நம்பியவர்கள் அவர்கள். நம்பியதால்தான் ஏமாற்றம் வலிக்கிறது.

7. இந்த நாளை எப்படிக் கடைப்பிடிப்பது?

மாணவச் செல்வங்களே, உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

ஜனவரி 25ஐயும் 26ஐயும் சேர்த்து நினையுங்கள். 25ஆம் நாள் தமிழ்நாட்டில் மொழிப்போர் ஈகியர் நாள். நாடெங்கும் அது வாக்காளர் நாளும் கூட. மொழிக்காக உயிர் கொடுத்தவர்களையும் வாக்குச் சீட்டின் வலிமையையும் ஒரே நாளில் நினைத்து, மறுநாள் கொடியேற்றுவது பொருத்தமானது. முதல் நாளின் வரலாறு தெரியாமல் இரண்டாம் நாளின் கொடி வணக்கம் முழுமை பெறாது.

குடியரசு நாளன்று பள்ளியிலும் கல்லூரியிலும் முகவுரையைப் படிப்பது நல்ல வழக்கம். அதோடு 17ஆம் பிரிவையும், கல்வியை உரிமையாக்கிய 21அ பிரிவையும் படியுங்கள். படித்த பின் உங்கள் ஊரைப் பற்றி மூன்று கேள்விகள் கேளுங்கள். பள்ளிக்குப் போகாத குழந்தை யாராவது இருக்கிறதா? எல்லாரும் எல்லாத் தெருவிலும் கோயிலிலும் தேநீர்க் கடையிலும் சமமாக நடத்தப்படுகிறார்களா? அரசு அலுவலகத்தில் ஓர் ஏழை தன் மொழியில் தன் குறையைச் சொல்லித் தன் மொழியில் விடை பெற முடிகிறதா? மூன்று கெடுக்களும் இந்த மூன்று கேள்விகளாக உங்கள் தெருவுக்கே வந்து நிற்கின்றன. விடைகளை எழுதி ஊராட்சியிலும் நகராட்சியிலும் கொடுங்கள். ஜனவரி 26 கிராம சபை கூடும் நாள். கேட்பதற்கு அதைவிடத் தகுந்த இடமும் நேரமும் இல்லை.

1930இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சில்லாமல் கையுயர்த்திய மக்கள் பிறர் விடுதலை தருவார்கள் என்று காத்திருக்கவில்லை. கெடு வைத்தார்கள், கெடு தவறியதும் தாங்களே செயலில் இறங்கினார்கள். குடியரசு அந்த மனநிலையில் பிறந்தது. 2030 ஜனவரி 25 அன்று தொகுதி ஒதுக்கீட்டின் கெடு மீண்டும் நம் முன் வந்து நிற்கும். அப்போது நாடாளுமன்றத்தில் விவாதம் நடக்கும், மேடைகளில் குரல்கள் உயரும். அந்த நாள் வருமுன் நம் ஒவ்வோர் ஊரிலும் தீண்டாமையின் கணக்கை நேர்மையாக எடுத்து வைத்திருந்தால், நீட்டிக்க வேண்டுமா, எப்படி நீட்டிக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழ்நாடு தரவுகளோடு விடை சொல்ல முடியும். அந்தப் பணியை இந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் தொடங்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.